சாவி ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறது

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, குருபரப்பள்ளி சிப்காட் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து போன். பட்டறை என்றால் நாலு லேத், ரெண்டு சி.என்.சி., ஒரு லேப்டாப். முதலாளி குரலில் பதற்றம்.

"தம்பி, லேப்டாப்பு நீலமா நிக்குது. நாப்பத்தெட்டு நம்பர் போடச் சொல்லுது. ஆதார் போட்டேன், செல் நம்பர் போட்டேன், இன்னும் இருபத்தாறு கட்டம் பாக்கி. வேற என்னா நம்பர் போடறது? மூணு மணிக்கு டெண்டர் மூடறான்பா."

குற்றவாளி நான்தான். முந்தின நாள் சாயந்தரம் அந்த லேப்டாப்பின் பயாஸைப் புதுப்பித்துக் கொடுத்தது என் கை. பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் அரிச்சுவடி. நடுவில் டீ வந்தது, மறந்துவிட்டேன். மதர்போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் டி.பி.எம். என்ற சில்லு மறக்கவில்லை. விடிந்ததும், "நேத்து இருந்த ஆள் நீ இல்லை, சாவி கிடையாது" என்று கையை விரித்துவிட்டது.

அந்த 48 இலக்க மீட்பு எண் முதலாளி மகளின் மின்னஞ்சல் கணக்கில் எங்கோ இருந்தது. மகள் கோயம்புத்தூரில் காலேஜ் வகுப்பில் இருந்தாள். நான் பட்டறைக்கு ஓடினேன். அவள் வெளியே வரும் வரைக்கும் முதலாளியின் கோபத்தை வேறு பக்கம் திருப்ப நான் சொன்ன கதைதான் இது. மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வரலாற்றில் வருகிறவர்களும் நம்மைப்போல டீ குடிக்கப் போய் எதையாவது மறந்தவர்கள்தான் என்பது என் கட்சி.

ஊர்ப் பெயரிலேயே தொடங்கினேன். குருபர் என்றால் கன்னடத்தில் ஆடு மேய்ப்பவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் குருபரஹள்ளி என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் உண்டு. அப்படி ஒரு ஹள்ளி இந்தப் பக்கம் வந்து பள்ளியாகி, குருபரன் பெயரோடு கலந்து, பழனிக்கு மாலை போட்டவர் மாதிரி நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறது என்பது என் ஊகம். ஆக, அடையாளத்தைச் சரிபார்க்கும் சில்லைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஊரின் அடையாளமே சரிபார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது.

ஆடு மேய்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் ரொம்பக் காலமாகவே தெரியும். ரெண்டு மந்தை கலந்துவிட்டால் எது யார் ஆடு? அதற்குத்தான் காதில் ஒரு வெட்டு. கழற்ற முடியாது, கடன் கொடுக்க முடியாது. சில்லும் அப்படித்தான். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே அதற்குள் ஒரு ரகசியச் சாவி பதிந்து வருகிறது; அதற்குப் பெரிய இங்கிலீஷ் பெயர் உண்டு, நான் காதுவெட்டு என்றே சொல்வேன். ஒரு வித்தியாசம்: ஆட்டின் காதை எவனும் பிடித்துப் பார்க்கலாம். சில்லின் காதை அதைச் சுமக்கிற கணினிகூடப் பார்க்க முடியாது. "இருக்கிறது" என்று நிரூபிக்க மட்டும் முடியும்.

ராஜாக்களுக்கு இந்த விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. இந்தப் பக்கத்தை ஆண்ட மேலைக் கங்கர்கள் செப்பேடு எழுதித் தானம் கொடுப்பதில் தாராளக்காரர்கள். அவர்களைவிடத் தாராளக்காரர்கள், அவர்கள் பெயரில் செப்பேடு அடித்தவர்கள். "இந்த நிலம் ராஜா எங்களுக்குக் கொடுத்தது" என்று சொல்ல ஒரு ராஜா வேண்டும். செத்துப்போன ராஜா என்றால் இன்னும் வசதி, எழுந்து வந்து மறுக்க மாட்டார். ஆங்கிலேயர் காலத்தில் ஜே.எஃப். ஃப்ளீட் என்ற கல்வெட்டு அறிஞர் உட்கார்ந்து, கங்கர் செப்பேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்து வடிவம் அந்தக் காலத்தது இல்லை, தேதி கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லித் தள்ளிக்கொண்டே போனார். மெர்க்காரா செப்பேடு அவரிடம் மாட்டியவற்றில் பேர்போனது. ஃப்ளீட் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டது வேறு கதை. நிலத்தை அனுபவித்தவர்கள் அதற்குள் பல தலைமுறை சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டார்கள்.

சோழர்கள் விவரமானவர்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 31 ஏடு. எல்லாவற்றிலும் துளை போட்டு, தடிமனான வளையம் ஒன்றில் கோத்து, வளையத்தின் ரெண்டு முனையையும் சேர்த்து, அதன் தலையில் ராஜேந்திர சோழனின் முத்திரை. புலி, ரெட்டை மீன், வில். நடுவில் ஓர் ஏட்டை உருவிவிட்டு "இரண்டு வேலி" என்பதை "இருபது வேலி" ஆக்கிச் சொருக வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும். அறுத்தால் தெரிந்துவிடும். அந்த வளையம் திருட்டைத் தடுக்காது, திருடியதை மறைக்க விடாது. டி.பி.எம். சில்லின் மொத்த தத்துவமும் அந்த வளையத்தில் அடக்கம். சிலிக்கான் மட்டும்தான் பாக்கி.

முதலாளிக்கு ஏடும் வளையமும் ஏறவில்லை. "கோட்டை ஏதாவது சொல்லு தம்பி" என்றார். நியாயம். பாராமகால் என்று அந்தக் காலத்தில் பெயர் இருந்த இந்தச் சீமையில் பிறந்தவருக்குக் கோட்டையை வைத்துச் சொன்னால்தான் எதுவும் ஏறும்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு 1767ல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை வந்தது. மேலே ஹைதர் அலியின் ஆட்கள். ஏறிப் பார்த்தார்கள், முடியவில்லை. சரி என்று கீழே சுற்றி உட்கார்ந்து, மேலே அரிசி போகாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பீரங்கியால் திறக்காத கதவைப் பசி திறந்தது.

1791 நவம்பரில் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை மேலே திப்புவின் ஆட்கள், கீழே லெப்டினன்ட் கர்னல் மாக்ஸ்வெல். ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டை மதிலில் ஏறினார்கள், கீழ்க்கோட்டை விழுந்தது. அங்கே இருந்த சிப்பாய்கள் மேல்கோட்டையைப் பார்த்து ஓட, அவர்கள் முதுகைத் தொட்டுக்கொண்டே மாக்ஸ்வெல் ஆட்களும் ஓடினார்கள். திட்டம் என்னவோ அழகானதுதான். ஓடுகிறவனுக்குக் கதவு திறக்கும், அந்தச் சந்தில் நாமும் நுழைந்துவிடலாம். சிப்காட் கேட்டில் கார்டு மறந்தவன், கார்டு தேய்த்தவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறானே, அதே வித்தை. மேலே கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கண் எதிரே ஓடிவருகிற கூட்டத்தில் எது நம் ஆள், எது அவன் ஆள் என்று கணக்குப் பார்த்து, கடைசி நொடியில் சாத்திவிட்டான். பிறகு மேலிருந்து பாறை உருண்டு வந்தது. மாக்ஸ்வெல் பலத்த நஷ்டத்தோடு இறங்கிப் போனார்.

அந்தக் கதவைச் சாத்தியவன் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. கணினி விழிக்கும்போது, கையெழுத்து சரியில்லாத நிரலை ஓட விடாமல் நிறுத்தும் ஏற்பாட்டுக்கு அவன் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

"அப்ப கோட்டை தப்பிச்சிடுச்சு" என்றார் முதலாளி.

"தப்பிச்சதுண்ணா. நாலே மாசம். 1792 மார்ச்ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டாங்க. பாராமகால் மொத்தமும் கும்பினிக்குன்னு எழுதியாச்சு. கதவு உடையவே இல்ல. கை மாறிடுச்சு."

"அப்ப பாறை உருட்டுனது வேஸ்ட்டா?"

"வேஸ்ட்டுதாண்ணா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வகுப்பு இன்னும் முடியவில்லை என்று மகளிடமிருந்து வாட்ஸப் வந்தது. நான் இருநூறு வருஷம் தாவினேன். நடுவில் ரயில், காங்கிரஸ், எம்.ஜி.ஆர். எல்லாம் வந்து போனார்கள். நம் கதைக்கு அவர்களால் உபயோகமில்லை.

1993 ஏப்ரலில் அமெரிக்க வெள்ளை மாளிகை கிளிப்பர் என்ற ஒரு சில்லை அறிவித்தது. தொலைபேசியில் பொருத்தினால் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி குழப்பிவிடும். யாரும் என்றால் அரசாங்கத்தைத் தவிர. ஒவ்வொரு சில்லின் சாவியையும் ரெண்டாக உடைத்து, ரெண்டு அரசு அலுவலகங்களில் பாதி பாதியாக வைத்துக்கொள்வார்களாம். கோர்ட் உத்தரவு வந்தால் ஒட்டித் தருவார்களாம். கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பூட்டு வாங்கப் போகிறோம், கடைக்காரர் "ஒரு சாவி என்கிட்ட இருக்கட்டும், போலீஸ் கேட்டா கொடுக்கணும்ல" என்கிறார். வாங்குவோமா? அமெரிக்கர்களும் வாங்கவில்லை. 1994ல் பெல் ஆய்வகத்துக்காரர் மாட் பிளேஸ் அதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். அரசாங்கம் ஒட்டுக்கேட்க வசதியாக ஒவ்வொரு பேச்சோடும் ஓர் அடையாளச் சீட்டு போகும். அந்தச் சீட்டு அசலா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட். அதாவது 65,536 வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் போலிச் சீட்டு தயார். அரசாங்கம் செய்த பூட்டையே போட்டுக்கொண்டு அரசாங்கத்தையே வெளியே நிறுத்தலாம். கங்கர் செப்பேடு அடித்தவர்கள் இருந்திருந்தால் பிளேஸுக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். சில வருஷத்தில் கிளிப்பர் ஓசையில்லாமல் அடங்கியது.

அரசாங்கம் தோற்ற இடத்தில் கம்பெனிகள் பாய் விரித்தன. 1999ல் காம்பாக், எச்.பி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஐந்தும் சேர்ந்து பஞ்சாயத்து கூட்டி, ஒவ்வொரு கணினியிலும் நம்பகமான சின்ன ஆள் ஒருவன் உட்கார வேண்டும் என்று தீர்மானம் போட்டன. அவன்தான் டி.பி.எம். நம்பகம் என்றால் யாருக்கு நம்பகம் என்ற கேள்வி உடனே எழுந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன், இவன் கணினி உரிமையாளருக்குக் காவலா, பாட்டுக் கம்பெனிக்கும் சினிமாக் கம்பெனிக்கும் காவலா என்று நீளமாகக் கேள்வி கேட்டு எழுதினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் இன்னும் ஒரு படி மேலே போய் இதற்குத் துரோகக் கணினி என்றே பெயர் வைத்தார். இருவரும் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. என் வீட்டுக் கூர்க்கா எனக்கே கதவைச் சாத்தலாமா? அன்று காலை அந்த லேப்டாப் முதலாளிக்குச் செய்தது அதைத்தானே.

2002ல் மைக்ரோசாஃப்ட் இதை வைத்து ஒரு பெரிய திட்டம் போட்டு, பல்லேடியம் என்று பெயர் சூட்டியது. கிரேக்கக் கதையில் அது ட்ராய் நகரத்துக் காவல் சிலை; அது உள்ளே இருக்கும் வரை நகரம் விழாது. ஒடிசியஸும் இன்னொரு கூட்டாளியும் ராத்திரி புகுந்து சிலையையே தூக்கிக்கொண்டு போனார்கள், நகரம் விழுந்தது. பாதுகாப்புத் திட்டத்துக்குத் திருட்டுப் போன சிலையின் பெயரை வைத்தவர் கதையைப் பாதியில் மூடிவைத்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். 2003 ஜனவரியில் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர் கூட்ஸ் வண்டி நீளம். யாரும் அதை முழுசாகச் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"சிலை திருட்டு அங்கயும் உண்டா!" என்றார் முதலாளி, கொஞ்சம் ஆறுதலாக. "அது கிடக்கட்டும். என் லேப்டாப்பை ஏன் பூட்டுச்சு, அதைச் சொல்லு."

அவருக்கு மாந்தோப்பு உண்டு, வருஷா வருஷம் கூழ் கம்பெனிக்கு லோடு போகும். அதனால் மாங்கூழில் சொன்னேன்.

சில்லுக்குள் 24 கிண்ணங்கள். கணினி ஆன் ஆகும்போது முக்கியமான கிண்ணங்கள் காலி. முதலில் கண் விழிப்பது பயாஸின் ஒரு சிறு துண்டு. அது அடுத்து ஓட வேண்டிய நிரலை, ஓட விடும் முன்னால், கூழாக அரைத்துக் கிண்ணத்தில் ஊற்றும். பிறகுதான் "நீ போ" என்று வழிவிடும். அவன் அடுத்தவனை அரைப்பான், அடுத்தவன் அதற்கடுத்தவனை. விண்டோஸ் எழுந்து உட்காரும் வரை இந்த அரவை நடக்கும். கிண்ணத்தில் இருக்கிற கூழோடு புதுக் கூழைச் சேர்த்து மறுபடி அரைத்து வைக்கலாம், அவ்வளவுதான் அனுமதி. கிண்ணத்தைக் கவிழ்க்கவோ கழுவவோ முடியாது, கணினியை அணைத்துப் போட்டால்தான் உண்டு. கூழைப் பார்த்து மாங்காயை மறுபடி செய்ய முடியாது. ஆனால் அதே மாங்காய் அதே வரிசையில் விழுந்தால் என்றைக்கும் அதே கூழ். ஒரு லோடு தோத்தாபுரியில் ஒரே ஒரு செந்தூரா விழுந்தாலும் மொத்தக் கூழும் அடியோடு மாறிப்போகும். இந்த விஷயத்தில் சில்லு நம் ஊர்க் கூழ் வியாபாரத்தைவிட ரொம்பக் கறார்.

வட்டைத் திறக்கும் சாவியை இந்தச் சில்லிடம் கொடுத்து, "கிண்ணத்தில் இந்தக் கூழ் இருந்தால் மட்டும் கொடு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். நான் பயாஸை மாற்றினேன். முதல் மாங்காயே மாறிவிட்டது. கூழ் வேறு, சாவி இல்லை. திருடன் வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் இதே கதிதான். சில்லுக்குத் திருடனும் சர்வீஸ்காரனும் ஒரே சாதி.

தூரத்தில் இருக்கிறவனுக்கும் இது உதவும். ஒரு பெரிய கம்பெனி தன் வலையமைப்புக்குள் நம் கணினியை விடும் முன், "உன் கூழைக் காட்டு" என்று கேட்கலாம். கணினியையே கேட்டால், குடித்தவனிடம் "குடிச்சியா?" என்று கேட்ட கதைதான். அதனால் சில்லே கிண்ணத்தைப் பார்த்து எழுதி, தன் சாவியால் ஒப்பமிட்டு அனுப்பும். நேற்றைய நல்ல சீட்டை இன்றைக்குக் காட்டக் கூடாது அல்லவா, அதற்குக் கேட்கிறவன் ஒவ்வொரு முறையும் புதுசாக ஓர் எண் சொல்லுவான். அந்த எண்ணோடு சேர்த்து ஒப்பமிட்டால்தான் செல்லும்.

"கூழ் கெட்டிருந்தா மிசினை நிறுத்திடுமா?"

"நிறுத்தாதுண்ணா. சாவி தராது. கேட்டா சாட்சி சொல்லும். அவ்ளோதான்."

"நம்ம வாட்ச்மேன் மாதிரின்னு சொல்லு."

இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இப்படி ஒரு காவலன் வந்தால் அவனை உடைக்க ஆள் வராமல் இருக்குமா? 2010ல் கிறிஸ்டோபர் டார்னோவ்ஸ்கி என்பவர் இன்ஃபினியன் கம்பெனியின் டி.பி.எம். சில்லை அமிலத்தில் போட்டு ஓட்டைக் கரைத்தார். துரு நீக்கும் திரவம் ஊற்றி உள்ளே இருந்த கம்பி வலையைச் சுரண்டினார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மெல்லிய ஊசியைக் குத்தி, உள்ளே ஓடுகிற பேச்சைக் கேட்டார். ஆறு மாதம் பிடித்ததாம். அவ்வளவு பொறுமை இருக்கிறவர் நம் ஊரில் பிறந்திருந்தால் பட்டா மாற்றமே வாங்கியிருப்பார். அதே கம்பெனிச் சில்லு 2017ல் இன்னொரு விதத்தில் மாட்டியது. ரகசியச் சாவி செய்யப் பெரிய பகா எண்கள் வேண்டும். சில்லு சின்னது, நேரம் குறைவு, அதனால் எண் தேடுவதில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குறுக்கு வழியின் தடத்தைப் பிடித்துவிட்டார்கள். அதே குடும்பத்துச் சில்லு எஸ்டோனியாவின் தேசிய அடையாள அட்டையில் இருந்தது. ஏழரை லட்சம் அட்டை. ஏழரை என்ற எண்ணைப் பார்த்ததுமே அவர்கள் ஒரு ஜோசியரைக் கேட்டிருக்கலாம். அந்த நவம்பரில் அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்தி, எல்லாவற்றையும் புதுப்பிக்க ஓடினார்கள். பாதுகாப்புச் சோதனையில் பாஸான சில்லுதான் அது, சான்றிதழோடு.

எனக்குப் பிடித்தது 2024ல் நடந்தது. பத்து டாலருக்கும் குறைந்த விலையில் ஒரு குட்டிப் பலகையை வைத்து, ஒரு பழைய மடிக்கணினியின் வட்டுச் சாவியை 43 வினாடியில் ஒருவர் எடுத்துக் காட்டினார். சில்லை அவர் தொடவே இல்லை. சில்லு தனியாக, செயலி தனியாக இருக்கும் பலகையில், சாவி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி வழியாகத் திறந்தபடி போகிறது. லாக்கர் என்னமோ எஃகுதான், ஆனால் லாக்கரிலிருந்து கவுன்ட்டருக்கு நகையை வாழையிலையில் வைத்துத் தூக்கிப் போகிறார்கள். மருந்தும் எளிதுதான்: விழிக்கும்போதே நாம் ஒரு பின் எண் போட வேண்டும் என்று வைத்துவிட்டால் சில்லு தானாகச் சாவியை நீட்டாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? "தினம் காலையில நம்பர் போடணுமா?" என்று முகம் சுளிப்பார்கள்.

ஓசூர்க்காரர் ஒருவர் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவர் காதில் விழுகிற மாதிரி இதையும் சொன்னேன். 2017ல் கூகுள் தன் சர்வர்களுக்கு ஒரு பாதுகாப்புச் சில்லு அறிமுகப்படுத்தியது, கம்மல் அளவு, பெயர் டைட்டன். அவர் லேத்தை நிறுத்தியே விட்டார். "டைட்டனா? அது எங்க ஊருதுங்க." நியாயமான வாதம். டாடா இண்டஸ்ட்ரீஸில் பாதி, தமிழ்நாட்டில் பாதி எடுத்து ஒட்டிய பெயர் அது. 1984ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, கடிகாரம் அடித்தது ஓசூரில். இன்றைக்கு அதே ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கு உடல் செய்கிறது. 2013ல் வந்த ஐபோன் 5எஸ் தொடங்கி, கைரேகையையும் முகத்தையும் காவல் காக்கும் தனி அறை ஒன்று அதன் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சில்லு பெரும்பாலும் தைவானில் பிறக்கிறது. சட்டை நம் ஊரில் தைக்கிறோம், காதுவெட்டு இன்னும் வெளியூரில். ஐ.ஐ.டி. மெட்ராஸில் காமகோடி குழு சக்தி என்று சொந்தமாகச் செயலி செய்து 2018ல் ஓட்டிக் காட்டியிருக்கிறது. கத்தியும் நம்முடையதாக ஒரு நாள் ஆகலாம்.

பட்டறை மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் உண்டு. அதன் கதை சுருக்கம். 2021 ஜூனில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 கட்டாயம் என்றது. உலகம் முழுக்க மக்கள் தங்கள் கணினிக்குச் சில்லு இருக்கிறதா என்று பயாஸைக் குடைந்தார்கள். பலருக்கு உள்ளேயே இருந்தது, அணைத்து வைத்திருந்தது. தெரியாதவர்கள் தனியாக வாங்க ஓடியதில் துக்கடா சில்லின் விலை எகிறியது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தினார்கள். பட்டறை டெஸ்க்டாப்பில் சில்லே இல்லை. அதற்கு நான் என்ன வழி செய்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பன்னிரண்டரைக்கு மகள் எண்ணை அனுப்பினாள். எட்டு கொத்து, கொத்துக்கு ஆறு. முதலாளி வாய்விட்டுப் படிக்க, நான் தட்டினேன். நீலம் போய் விண்டோஸ் வந்தது. அவர் கை எடுத்துக் கும்பிட்டது எனக்கா சில்லுக்கா என்று சொல்ல முடியவில்லை.

டெண்டர் பக்கத்தைத் திறந்தோம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் சொருகச் சொன்னது.

அந்த டோக்கனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்டிரைவ் மாதிரி இருக்கும், பென்டிரைவ் இல்லை. அதற்குள்ளும் ஒரு பாதுகாப்புச் சில்லு. முதலாளியின் ரகசியச் சாவி அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. தப்பான பின் எண்ணைச் சில முறை போட்டால் தானே பூட்டிக்கொள்ளும். குருபரப்பள்ளியில் லேத் வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும், தெரியாமலேயே, அமெரிக்க அரசாங்கம் 1993ல் கனவு கண்டதைவிட நல்ல சில்லு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42, இந்தச் சாவியைக் கைவசம் வைத்துக் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது.

"டோக்கன் எங்கண்ணா?"

"ஆடிட்டர் ஆபீஸ்ல."

கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டோம். ஆபீஸ் பையன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, என் டோக்கன் இருக்குதா?"

"இருக்குதுண்ணா. டப்பாவுல நாப்பது டோக்கன் இருக்குது, உங்களுது மேல செல்லோ டேப் ஒட்டி பேர் எழுதி வெச்சிருக்கேன்."

"பாஸ்வேர்டு?"

"அதும் டேப்லயே எழுதியிருக்குதுண்ணா. ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வரிசையா. வாங்குனப்ப கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினதுதான், மாத்தல."

"நான் பைக்ல வந்து வாங்கிக்கட்டுமா?"

"நீங்க எதுக்குண்ணா வர்றீங்க, வெயில்ல. ரேட்டை மட்டும் வாட்ஸப்ல அனுப்புங்க. நானே இங்கருந்து உங்க பேர்ல போட்டுடறேன். போன தடவையும் அப்படித்தானே?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அது திறந்தே ஆக வேண்டுமா என்று காலையிலிருந்து யாருமே தீர விசாரிக்கவில்லை.

டெண்டர் 2.40க்கு ஏறியது. அந்த டோக்கன் வருகிற மாசியில் காலாவதி. புதுசு எடுக்க முதலாளியே கேமரா முன்னால் உட்கார்ந்து, பெயரைச் சொல்லி வீடியோ எடுத்தாக வேண்டும். அது ஒன்றை மட்டும் பையனால் செய்ய முடியாது. அன்றைக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி இப்போதே ஞாபகப்படுத்தியிருக்கிறான்.